"ஸ்லோ மோஷன்" என்று சிரிக்கிற தம்பிகளுக்கு: மகளிர் செவன்ஸ் பற்றி ஒரு திறந்த மடல்

வணக்கம்.

யூடியூபிலும் பாட்காஸ்டிலும் தமிழில் விளையாட்டு பேசுகிற தம்பி தங்கைகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். கிரிக்கெட்டைத் தாண்டி வந்து பேசுகிறவர்கள் நம்மிடம் ரொம்பக் குறைவு, நீங்கள் பேசுகிறீர்கள், அதற்கே முதலில் நன்றி. 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசன் நடந்து, சென்னை புல்ஸ் கோப்பையைத் தூக்கிய பிறகு உங்களில் பலரும் செவன்ஸ் ரக்பி, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ரக்பி பக்கம் எட்டிப் பார்த்தீர்கள். அந்த சீசன் ஆண்களுக்கு மட்டும்தான். ஆனாலும் செவன்ஸ் என்று பேச்சை எடுத்தால் பாரிஸ் ஒலிம்பிக் வந்துவிடும், பாரிஸ் வந்தால் மகளிர் ஆட்டமும் வரும், அங்கே வந்ததும் சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் ஒரே வசனத்தை விடுகிறீர்கள்: "லேடீஸ் செவன்ஸும் அதே கேம்தான் ப்ரோ, கொஞ்சம் ஸ்லோ மோஷன்ல." ஒரு சிரிப்பு. அடுத்த தலைப்பு.

வித்தியாசமே கிடையாது என்று சண்டை போட நான் வரவில்லை. இருக்கிறது. சில இடங்களில் நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் கைகாட்டுகிற இடத்தில், அதாவது ஓட்டத்தில், அது சின்னது. பெரிய இடத்தை யாருமே பேசுவதில்லை என்பதுதான் என் குறை.

ஓட்டத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 100 மீட்டர் உலக சாதனை ஆண்களுக்கு 9.58 நொடி, பெண்களுக்கு 10.49. 400 மீட்டர் 43.03, பெண்களுக்கு 47.60. சுமார் பத்து சதவீதம். செவன்ஸிலும் உச்ச வேகத்தில் ஏறக்குறைய இந்த அளவு இடைவெளியைத்தான் பார்க்கிறோம். ஒருவர் தனியாக ஓடினால் அது கண்ணுக்குத் தெரியும், ஆனால் ரக்பியில் யாரும் தனியாக ஓடுவதில்லையே. பந்தோடு ஓடுகிற பெண்ணைத் துரத்துகிறவரும் பெண்தான், அவரும் அதே பத்து சதவீதம் மெதுவாகத்தான் வருகிறார். பிடிபடுவாரா தப்பிப்பாரா என்கிற கேள்வி அப்படியே இருக்கிறது. மைதானத்தில் ஓட்டப் பந்தயம் நடந்தால் நீங்கள் சொல்வது சரி. நடப்பது துரத்தல்.

அப்புறம் எடை. மேல்மட்ட ஆண்கள் செவன்ஸ் வீரர் ஒருவர் ஏறக்குறைய 90 கிலோ, வீராங்கனை ஏறக்குறைய 70 கிலோ. ஒருவர் நொடிக்கு 9 மீட்டர், இன்னொருவர் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த உந்தத்தைக் கணக்குப் போட்டால் 810-க்கு 560. வேகத்தில் பத்து சதவீதமாக இருந்த வித்தியாசம் மோதலில் முப்பது சதவீதமாகிவிடுகிறது. இங்கேயும் டேக்கிள் செய்கிறவருக்கு, அதாவது பந்தோடு வருகிறவரைப் பிடித்துச் சாய்க்கிறவருக்கு, அதே கணக்குதான் என்பதால் யார் யாரைச் சாய்க்கிறார்கள் என்பது மாறுவதில்லை, ஆனால் மோதும்போது வருகிற சத்தம் மாறும். உங்களுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டும் என்றால் அது உங்கள் ரசனை, நான் குறை சொல்ல மாட்டேன். அதை "தரம் கம்மி" என்று மொழிபெயர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது யாரும் பேசாத இடத்துக்கு வருகிறேன்.

நமக்குத் தெரிந்த பல விளையாட்டுகளில் பெண்களுக்கான அளவுகள் வேறு. கைப்பந்தில் வலை 2.43 மீட்டரிலிருந்து 2.24-க்கு இறங்குகிறது. குண்டு எறிதலில் 7.26 கிலோ 4 கிலோ ஆகிறது. மகளிர் கிரிக்கெட்டில் பந்து எடை குறைவு, பவுண்டரியும் உள்ளே வந்துவிடும். கூடைப்பந்தில் பந்து சின்னது. இதையெல்லாம் யாரும் சலுகை என்று சொல்வதில்லை, ஆடுகிற உடம்புக்கு ஏற்ற கருவி, அவ்வளவுதான். செவன்ஸ் ரக்பியில் இது எதுவும் கிடையாது. அதே 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், அதே ஐந்தாம் எண் பந்து, அதே ஏழு ஏழு நிமிடம், அதே கோல் கம்பம். கொஞ்சம் சின்னதான 4.5 அளவு பந்தை மகளிர் ரக்பியில் சில போட்டிகளில் இப்போதுதான் சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஓட்டத்தில் இருபக்கமும் சமமாகக் குறைவதால் ஆட்டம் கெடுவதில்லை என்றேன் அல்லவா, பந்தை வீசுவதிலும் உதைப்பதிலும் அப்படிச் சமன் ஆகாது, ஏனென்றால் பந்துக்கு ஆண் பெண் தெரியாது, 70 மீட்டர் அகலமும் சுருங்காது. மேலுடம்பு வலிமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி காலில் இருப்பதைவிட அதிகம், பெண்களின் உள்ளங்கையும் சராசரியாகச் சின்னது. ஆண்கள் ஆட்டத்தில் ஒரே ஒரு நீளமான பாஸில் பந்து நடுவிலிருந்து விங் வரை, அதாவது மைதானத்தின் ஓரம் வரை போய்விடும், தடுப்பு வரிசை திரும்புவதற்குள் ஓரத்தில் ஆள் தனியாக நிற்பார். அதே அகலத்தைக் கடக்கப் பெண்கள் அணிக்குப் பல சமயம் இரண்டு பாஸ் தேவை. நடுவில் ஒரு ஜோடி கை கூடுகிறது, தடுப்பவர்களுக்கு நகர்ந்து வர ஒரு கணம் கிடைக்கிறது. அதனால் நல்ல மகளிர் அணிகள் ஓரத்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. தடுப்பவரை நேராகத் தன் பக்கம் இழுத்து, டேக்கிள் விழுகிற நொடியில் பக்கத்தில் ஓடி வருகிறவருக்குப் பந்தைத் தட்டிவிடுவார்கள். இதற்குப் பெயர் ஆஃப்லோட், நியூசிலாந்து மகளிர் அணியின் ஆஃப்லோட்களை ஒரு மேட்ச் முழுக்கப் பார்த்தால் நான் சொல்வது புரியும். உங்களுக்கு ஸ்லோ மோஷனாகத் தெரிவது பாதி நேரம் இந்த வேலைதான்.

உதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். செவன்ஸில் ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது, 5 புள்ளி) போட்ட அணிதான் மறுபடி கிக்-ஆஃப் செய்ய வேண்டும், அதுவும் டிராப் கிக், அதாவது பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு எழும்பும்போது உதைப்பது, பந்து பத்து மீட்டராவது போக வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் இந்த கிக்-ஆஃப் ஒரு ஆயுதம்: உயரமாக உதைத்து, பந்து இறங்கும் இடத்துக்குத் தன் ஆளே ஓடிப்போய்க் குதித்துப் பறித்துவிடுவார், ட்ரை போட்ட அணியிடமே பந்து திரும்ப வந்துவிடும். இப்படி இரண்டு முறை நடந்தால் பதினாலு நிமிட ஆட்டத்தில் எதிரணிக்குப் பந்தே கிடைக்காது. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், பந்து காற்றில் 3 நொடி நிற்க ஏறக்குறைய 11 மீட்டர் உயரம் போக வேண்டும், மூன்றரை நொடி நிற்க 15 மீட்டர். அந்த அரை நொடிக்காக உதையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் சக்தி போட வேண்டியிருக்கிறது. துரத்தி வருகிறவர் நொடிக்கு 7 மீட்டர் ஓடினால் அந்த அரை நொடியில் மூன்றரை மீட்டர் கூடுதலாக வந்துவிடுவார். பந்தைப் பிடிப்பதற்கும் எதிரி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள தூரம் அது. மகளிர் ஆட்டத்தில் கிக்-ஆஃப்கள் கொஞ்சம் தாழ்வாக, வேகமாக, சில சமயம் தரையில் குத்தி எழும்பும்படி வருவதைக் கவனித்திருப்பீர்கள். தெரியாமல் உதைப்பதாக நினைக்காதீர்கள். உயரம் கிடைக்காத இடத்தில் கோணமும் குழப்பமும் வேலை செய்கின்றன.

கன்வர்ஷனும், அதாவது ட்ரைக்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் கூடுதலாக 2 புள்ளி எடுப்பதும், இதே கதை. பதினைந்து பேர் ரக்பி மாதிரி பந்தைத் தரையில் நிறுத்தி நிதானமாக உதைக்க முடியாது. செவன்ஸில் கன்வர்ஷனும் டிராப் கிக்தான், ட்ரை போட்ட 30 நொடிக்குள், ட்ரை விழுந்த இடத்துக்கு நேரே பின்னால் வந்து உதைக்க வேண்டும். மூலையில் ட்ரை போட்டால் கோட்டோரத்திலிருந்து உதைக்கணும். ஆண்களைவிடப் பெண்கள் இதில் அதிகம் தவறவிடுகிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அதனாலேயே மகளிர் ஆட்டத்தில், ஆள் தப்பி ஓடிவிட்ட பிறகும் ஒரு முடிவு பாக்கி இருக்கும்: இருக்கிற ஓரத்திலேயே பந்தை வைப்பதா, இன்னும் இருபது மீட்டர் வளைந்து ஓடிக் கம்பத்துக்கு அடியில் வைப்பதா, வளைந்து ஓடினால் பின்னால் வருகிறவள் பிடித்துவிடுவாளா.

பாரிஸ் வெண்கல ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் எல்லோரும் ஷார்ட்ஸ் போட்டு லைக் வாங்கின ஆட்டம்தான். 2024 ஜூலை 30, ஆஸ்திரேலியா 12, அமெரிக்கா 7, மணி முடிகிறது. அமெரிக்காவின் அலெக்ஸ் செட்ரிக் தன் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வாங்கி, இரண்டு பேர் மேலே விழுந்தும் தள்ளிவிட்டு வெளியே வந்து, மைதானத்தின் அந்தக் கடைசி வரை ஓடி, நேராகக் கம்பங்களுக்கு நடுவில் பந்தை வைத்தார். உங்கள் ஷார்ட்ஸ் அங்கே முடிந்துவிட்டது. ஆனால் அப்போது ஸ்கோர் 12-12 தான். தொண்ணூறு மீட்டர் ஓடி வந்த அதே ஆள், மூச்சு வாங்கிக்கொண்டே, அதே கால்களோடு டிராப் கிக்கும் உதைத்து 14-12 ஆக்கினார். ஸ்கோரைப் பிரித்துப் பாருங்கள்: இரண்டு அணியும் இரண்டிரண்டு ட்ரை. ஆஸ்திரேலியா ஒரு கன்வர்ஷனைத் தவறவிட்டது, அமெரிக்கா இரண்டையும் போட்டது. ஒலிம்பிக் பதக்கம் இந்த ஒரு உதையில் கை மாறியது. அந்தத் தொடரில் 14 ட்ரை போட்டு ஒலிம்பிக் சாதனை வைத்த மேடிசன் லெவி ஆஸ்திரேலியா அணி, அவர் பதக்கம் இல்லாமல் வீட்டுக்குப் போனார். ஆண் பெண் ஆட்ட வித்தியாசத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல பத்து நிமிடம் உங்களுக்குக் கிடைக்குமா? நீங்களோ ஓட்டத்துக்கு பிஜிஎம் போட்டீர்கள்.

அளவுகோல் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் சிலர் புள்ளிவிவரம் போட்டுப் பேசுகிறவர்கள். ஜெர்சிக்குள்ளே, முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஜிபிஎஸ் கருவி இருக்கும். யார் எத்தனை மீட்டர் ஓடினார்கள், அதில் எத்தனை மீட்டர் அதிவேக ஓட்டம் என்று அது சொல்லும். மொத்த தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. முழு ஆட்டமும் ஆடியவர், ஆணோ பெண்ணோ, ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஓடியிருப்பார். அதிவேக ஓட்டத்தில்தான் பெண்கள் எண்ணிக்கை விழுகிறது. ஏன்? அதிவேகம் என்பதற்கு நொடிக்கு 5 மீட்டர் என்று ஒரு எல்லை வைத்திருந்தார்கள், அது ஆண்களை வைத்து வந்த எல்லை. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் மகளிர் செவன்ஸ் வீராங்கனைகளின் மூச்சு அளவைச் சோதித்துப் பார்த்தபோது, அவர்களுக்கு உண்மையில் மூச்சு முட்டத் தொடங்கும் வேகம் 3.5 மீட்டரை ஒட்டி இருந்தது. பழைய எல்லையைப் பிடித்துக்கொண்டு அளந்தால் அவர்கள் செய்கிற கடினமான ஓட்டம் முப்பது சதவீதம் வரை கணக்கில் வராமலே போகிறது. பயிற்சியாளர் அந்தக் கணக்கை நம்பினால் "இன்னிக்கு லேசான ஆட்டம்தான்" என்று நினைத்து அடுத்த நாள் கூடுதல் பயிற்சி வைப்பார், களைத்த காலில் முழங்கால் போகும். பெண்களுக்கு ஏசிஎல் என்கிற முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிடப் பல மடங்கு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நியூசிலாந்தின் சாரா ஹிரினிக்கு 2023 டிசம்பரில் துபாயில் ஏசிஎல் போனது, எட்டு மாதத்துக்குள் பாரிஸில் வந்து தங்கம் வாங்கினார். அதைப் பற்றி ஒரு வீடியோ தமிழில் இருந்தால் லிங்க் அனுப்புங்கள், நானே நாலு பேருக்குப் பகிர்கிறேன்.

சரி, போர் அடிக்கும் என்கிறீர்களா? ஒலிம்பிக்கில் செவன்ஸ் வந்த மூன்று முறையும் இறுதி ஆட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்கள்: ரியோவில் ஃபிஜி 43-7, டோக்கியோவில் ஃபிஜி 27-12, பாரிஸில் பிரான்ஸ் 28-7. பெண்கள்: ரியோவில் ஆஸ்திரேலியா 24-17, டோக்கியோவில் நியூசிலாந்து 26-12, பாரிஸில் மறுபடி நியூசிலாந்து 19-12. கடைசி நிமிடம் வரை நகம் கடிக்க வைத்தது எந்த வரிசை? மூன்று ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். பிரான்ஸின் டுபோன் பாரிஸில் இரண்டாம் பாதியில் இறங்கி ஃபிஜிக்கு ஒலிம்பிக்கில் முதல் தோல்வியைக் கொடுத்த அந்த ஆட்டத்தைக் கண் கொட்டாமல் பார்த்தவன்தான் நானும். ஆனால் "பார்க்க சுவாரஸ்யமா இல்லை" என்பதை ஏதோ அறிவியல் மாதிரிச் சொல்கிறீர்களே, அதற்காகச் சொன்னேன்.

மேல்வரிசைக்குக் கீழே போனால் நிலைமை தலைகீழ் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வருவீர்கள். ரியோவில் நியூசிலாந்து பெண்கள் கென்யாவை 52-0 என்று அடித்தார்கள். மகளிர் ரக்பியில் பெரிய அணிக்கும் சின்ன அணிக்கும் உள்ள பள்ளம் ஆண்கள் ரக்பியைவிட ஆழம். ஆனால் இதைப் பெண் உடம்பின் கணக்கில் எழுத முடியாது, இரண்டு பக்கமும் பெண்கள்தானே! இது வருஷக் கணக்கு. ஸ்காட்லாந்தின் மெல்ரோஸில் ஒரு கசாப்புக் கடைக்காரர் யோசனையில் செவன்ஸ் பிறந்தது 1883-ல். ஆண்களுக்கு உலகக் கோப்பை 1993, பெண்களுக்கு 2009. ஆண்கள் உலகத் தொடர் 1999-ல், பெண்கள் தொடர் 2012-ல். நியூசிலாந்தே 2012-ல்தான் ஊர் ஊராக ஆள் தேடும் முகாம் போட்டு, நெட்பால் ஆடுகிறவர், தடகளத்தில் ஓடுகிறவர் என்று பெண்களைப் பிடித்து வந்து பந்தைக் கையில் கொடுத்தது. மேடிசன் லெவி ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்திலிருந்து வந்தவர். சின்ன வயதிலிருந்தே தெருவில் பந்தோடு வளர்ந்த ஃபிஜிப் பையனையும், பதினெட்டு பத்தொன்பது வயதில் முதல் முறை ரக்பி பந்தைத் தொட்ட பெண்ணையும் ஒரே தராசில் வைத்து, உடம்புதான் காரணம் என்று தீர்ப்பு எழுதுகிறீர்கள். பாஸிலும் உதையிலும் நான் மேலே சொன்ன இடைவெளியில் எவ்வளவு தசை, எவ்வளவு இந்தப் பத்து வருஷப் பழக்கம் என்று யாராலும் இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, என் கணிப்பில் பழக்கத்தின் பங்கு நிறைய.

பணம் வந்தால் இது எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பது போகப் போகத் தெரியும். செட்ரிக் ஓடின அந்த ஓட்டத்துக்குப் பிறகு மிஷெல் காங் என்கிற தொழிலதிபர் அமெரிக்க மகளிர் செவன்ஸுக்கு 40 லட்சம் டாலர் அறிவித்தார். இன்னொரு பக்கம், உலக ரக்பி அமைப்பு 2025-26-லிருந்து முதல் வரிசைத் தொடரைப் பன்னிரண்டு அணியிலிருந்து எட்டாக்கிவிட்டது, இருபாலருக்கும்தான். காகிதத்தில் சமம். ஆனால் பெரிய அணிகளோடு மோதி மோதித்தான் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவை மகளிர் அணிகள், அவற்றுக்கு இந்த வெட்டு கூடுதலாக வலிக்கும். இந்த முடிவை விமர்சித்து நீங்கள் யாரும் பேசி நான் கேட்கவில்லை.

"ஆண்கள் டீமோட ஆடினா ஜெயிப்பாங்களா?" என்று கமெண்டில் ஒருவன் கேட்பான், நீங்கள் அதைப் பின் செய்து வைப்பீர்கள். ஜெயிக்க மாட்டார்கள், பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சின்ன எடைப் பிரிவில் பளுதூக்கும் மீராபாய் சானுவிடம் போய் ஹெவிவெயிட் காரனோடு தூக்குவீர்களா என்று கேட்கிறோமா என்ன? அந்த கமெண்டுக்கு ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு ஆட்டத்துக்கு வாருங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தொடர் வரும்போது ஒரே நாளில் ஆண்கள் ஆட்டம் ஒன்றும் பெண்கள் ஆட்டம் ஒன்றும் எடுத்து, இரண்டிலும் கிக்-ஆஃப் எத்தனை, அதில் உதைத்த அணி திரும்பப் பறித்தது எத்தனை, கன்வர்ஷன் எங்கிருந்து எடுத்தார்கள், எத்தனை உள்ளே போனது, விங்குக்குப் பந்து போக எத்தனை பாஸ் ஆனது என்று ஒரு நோட்டில் குறித்துவிட்டுப் பேசுங்கள். பதினாலு நிமிட ஆட்டம், இரண்டும் சேர்த்தே அரை மணி நேரம் போலத்தான் ஆகும், ஒரு டி20 இன்னிங்ஸில் பாதிகூட இல்லை. வீராங்கனைகளின் பெயரைச் சொல்லுங்கள், "அந்தப் பொண்ணு" என்று சொல்லாதீர்கள், டுபோன் பெயரை அழகாகச் சொல்கிற நாக்குக்கு ஹிரினி வராதா? லாஸ் ஏஞ்சல்ஸ் 2028-க்கு முன்னோட்ட வீடியோ போடும்போது இரண்டையும் ஒரே வீடியோவில் போடுங்கள், மகளிர் ஆட்டத்தைக் கடைசி ஒன்றரை நிமிடத்துக்குத் தள்ளாமல்.

நான் சொன்ன கிக்-ஆஃப் கணக்கு தப்பு என்று உங்கள் நோட்டு சொன்னால் அதையும் வீடியோவாகப் போடுங்கள், முதல் ஆளாக வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்